வாவியோரப் பாடசாலையில் முதல் நியமனம்: வெளிக்களத்தை எப்படித் தொழிலாக்குவது?

கேள்வி: கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தேன். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், வாவியிலிருந்து அரைக் கட்டை தூரத்தில் உள்ள ஒரு சிறிய பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியையாக நியமனம் கிடைத்து ஐந்து மாதமாகிறது. பறவை பார்ப்பது, காட்டோரம் நடப்பது எல்லாம் சின்ன வயதிலிருந்தே எனக்கு உயிர். பிள்ளைகளை வெளியே கூட்டிப் போகலாமா என்று கேட்டால், "முதல்ல சிலபஸ முடியுங்க டீச்சர்" என்று அதிபரும் மற்ற ஆசிரியர்களும் சொல்கிறார்கள். வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு மாற முயற்சி செய்யலாமா? வார இறுதியில் சுற்றுலா வழிகாட்டியாக வேலை செய்யலாமா? ஆசிரியத் தொழிலிலேயே இருந்தால் இந்த விருப்பத்துக்கு இடம் இருக்குமா? பைனாகுலர் ஒன்று வாங்கவும் ஆசை. எதைப் பார்த்து வாங்குவது? (ஆசிரியை, மட்டக்களப்பு மேற்கு வலயம்)

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு,

இப்போதைக்கு மாற வேண்டாம். தகுதிகாண் காலமான மூன்று வருடத்தை முடித்து நியமனத்தை நிரந்தரமாக்குங்கள். வெளிக்கள வேலையை அதுவரை தள்ளிப்போடவும் வேண்டாம், அடுத்த வாரமே பாடசாலை வேலிக்குள் தொடங்குங்கள். உங்கள் நேசம் தொழிலாக மாறுவது நீங்கள் எத்தனை காடு பார்த்தீர்கள் என்பதால் நடக்காது. பிள்ளைகளோடு செய்த வேலையைப் பாடத்திட்டத்தோடு இணைத்து, எழுத்தில், வருடக்கணக்காகச் சேர்த்து வைத்திருக்கும் ஆசிரியையைத்தான் வலயமும் மாகாணமும் தேடி வரும்.

"சிலபஸ முடியுங்க" என்று சொல்பவர்களோடு மோத வேண்டாம். சாதாரண தரப் பெறுபேற்றை வைத்துத்தான் அந்தப் பாடசாலையை எல்லோரும் அளக்கிறார்கள், அவர்களின் பயம் நியாயமானது. ஆசிரியர் வழிகாட்டியைத் திறந்து பாருங்கள். தரம் 6 முதல் 11 வரை சூழல், தாவரம், விலங்கு, நீர் என்று வெளியில் செய்யக்கூடிய தேர்ச்சி மட்டங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றின் இலக்கங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். "பிள்ளைகளை வெளியே கூட்டிப் போகட்டுமா?" என்று கேட்டால் அதிபருக்குத் தயக்கம் வரும். "இந்தத் தேர்ச்சி மட்டத்தைச் செவ்வாய்க்கிழமை மூன்றாம் பாடவேளையில், மைதானத்தின் கிழக்கு மூலையில் செய்கிறேன். இது பாடக்குறிப்பு, இது கணிப்பீட்டுப் படிவம்" என்று தாளை நீட்டினால் கையெழுத்து வரும். பாடசாலை மட்டக் கணிப்பீட்டுக்கு எப்படியும் புள்ளி போட வேண்டும். அந்தப் புள்ளியை இந்த வேலையிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

தொடக்கத்துக்கு, உள்ளே இருக்கும் செடிகளை எண்ணுவதற்கான ஒரு மீற்றர் சதுரச் சட்டம் போதும். ஒரு குழுவுக்கு 4.2 மீற்றர் கயிறும் நாலு குச்சியும் வேண்டும். அந்த 20 சென்ரிமீற்றர் முடிச்சுக்கு. தும்புக் கயிறு நனைந்தால் சுருங்கும், அதனால் நைலோன் கயிறு நல்லது. பிள்ளைகள் நாலு பக்கத்தையும் சரியாக அளந்துவிட்டுச் சாய்ந்த சதுரத்தை நட்டுவிடுவார்கள். மூலைக்கு மூலை 1.41 மீற்றர் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், கணிதப் பாடத்தில் படித்த பைதகரஸ் தேற்றமும் அங்கேயே வேலைக்கு வரும். ஒரு சட்டத்தை மரநிழலிலும் மற்றதைப் பிள்ளைகள் ஓடி விளையாடி மிதிபட்ட தரையிலும் போடுங்கள். எங்கே நடுவது என்பதைப் பிள்ளைகளிடம் விட்டால் பூ இருக்கும் அழகான இடத்தையே தேடிப் போவார்கள், கணக்கு பிழைத்துவிடும். சுவரிலிருந்து எத்தனை அடி வைப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுக்கட்டும். புல்லைத் தனித்தனியாக எண்ண முடியாது. நூறில் எத்தனை பங்கு நிலத்தை மூடியிருக்கிறது என்று மதிப்பிடச் சொல்லுங்கள். கயிற்றில் தொட்டுக்கொண்டு நிற்கும் செடிக்கும் ஒரு விதி வேண்டும்: இரண்டு பக்கத்தில் உள்ளதைச் சேர்க்கலாம், மற்ற இரண்டு பக்கத்தில் உள்ளதை விட்டுவிடலாம்.

28 பிள்ளைகள் என்றால் ஏழு ஏழு பேராக நாலு குழு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வேலை கொடுங்கள்: அளப்பவர், எண்ணுபவர், எழுதுபவர், கீறுபவர், நேரம் பார்ப்பவர், பொருட்களுக்குப் பொறுப்பானவர், வகுப்பில் அறிக்கை சொல்பவர். வேலை இல்லாத பிள்ளைதான் வேலியைத் தாண்டும். 40 நிமிடப் பாடவேளையில் போக, நட 10, பதிய 20, திரும்பிக் கைகழுவ 5 போனால் மிச்சம் 5 நிமிடம்தான். அந்த ஐந்தில் இரண்டு சட்டங்களின் எண்ணிக்கையையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிடுங்கள். அதைச் செய்யாமல் மணி அடிக்க விட்டால் பிள்ளைகளின் மனதில் விளையாட்டு மட்டும்தான் நிற்கும், ஓய்வறையில் வரும் விமர்சனத்துக்கும் காரணம் கிடைத்துவிடும்.

இரண்டாம் தவணையிலிருந்து வாவிக்குப் போகலாம். 56 கிலோமீற்றர் நீளமான இந்த வாவியில் முகத்துவாரத்துக்கு அருகே ஒரு நீரும், தெற்கே ஆறுகள் வந்து விழும் பக்கம் வேறொரு நீருமாக இருக்கும். மாரியில் முகத்துவாரம் வெட்டுண்டால் எல்லாமே மாறும். உப்புத்தன்மையை மாதம் ஒருமுறை ஒரே இடத்தில் அளந்தால் ஒரு வருடத்தில் அருமையான வரைபு கிடைக்கும். விலை கூடிய கருவி வேண்டியதில்லை. 500 மில்லிலீற்றர் நீரைத் துணியில் வடித்து, எடை தெரிந்த பாத்திரத்தில் வற்றவைத்து, மீந்த உப்பை நிறுக்க வேண்டும். ஒப்பிடுவதற்குக் கல்லடிக் கடற்கரையிலிருந்து ஒரு போத்தல் கடல்நீர் எடுத்து வாருங்கள். கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கும், ஆகவே அரை லீற்றரில் 17, 18 கிராம் வரவேண்டும். கூடினால் உப்பு இன்னும் ஈரம், குறைந்தால் கடைசி நேரத்தில் நெருப்பு கூடி உப்பு தெறித்துப் போயிருக்கிறது. கடைசிப் பங்கை அடுப்பில் வைக்காமல் வெயிலில் காயவிட்டால் இரண்டு பிழையும் வராது. நெருப்பு வேலையை நீங்கள் செய்யுங்கள், பிள்ளைகள் நிறுக்கட்டும்.

நீரின் தெளிவை அளக்க செக்கித் தட்டு செய்யலாம். 20 சென்ரிமீற்றர் விட்டமுள்ள தகர மூடியை நாலு பங்காகப் பிரித்து, கறுப்பும் வெள்ளையும் மாறி மாறிப் பூசுங்கள். நடுவில் துளையிட்டு, கீழே ஈயக்குண்டோ பெரிய நட்டோ கட்டி, கயிற்றில் 10 சென்ரிமீற்றருக்கு ஒரு நிற முடிச்சுப் போடுங்கள். பாரம் போதாவிட்டால் நீரோட்டத்தில் கயிறு சாய்ந்து ஆழம் கூடுதலாகக் காட்டும். தட்டு மறையும் ஆழத்தையும், தூக்கும்போது மீண்டும் தெரியும் ஆழத்தையும் எழுதிச் சராசரி எடுங்கள். சூரியன் முகத்துக்கு நேரே இருந்தால் நீர்மினுக்கம் கண்ணை ஏமாற்றும், நிழல் விழும் பக்கம் நின்று பாருங்கள். தட்டு அடியில் தட்டிய பிறகும் தெரிகிறதென்றால் அந்த இடம் அளவுக்குப் போதாத ஆழம். "அடி தெரிந்தது" என்று எழுதிவிட்டு விடுங்கள். எண் போடாதீர்கள். இதை இறங்குதுறை மேடையில் நின்றுதான் செய்ய வேண்டும். எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி இல்லாமல் தோணியில் ஒரு பிள்ளையையும் ஏற்றக் கூடாது.

பாதுகாப்பு விடயத்தில் உங்கள் ஊரின் ஆபத்துகளைப் பெயர் சொல்லி எழுதிப் பெற்றோரிடம் கொடுங்கள். வாவியில் முதலை இருக்கிறது. முழங்காலளவு நீரிலும் இறங்க வேண்டாம், மாலையில் கரைக்கே போக வேண்டாம். கண்டல் ஓரத்தில் தில்லை மரத்தை முதலிலேயே பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கிளை ஒடிந்தால் வரும் பால் தோலைக் கொப்புளமாக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே கெடுதி. பட்டால் நிறையச் சுத்தமான நீரால் கழுவி உடனே ஆஸ்பத்திரிக்கு. வட்டைக்குள் (வயலுக்குள்) இறங்கும் காலத்தில் எலிக்காய்ச்சல் பயம் உண்டு. காலில் காயம் உள்ள பிள்ளை வரம்பிலேயே நிற்கட்டும், எந்தப் பகுதியில் நோயாளர் இருக்கிறார்கள் என்பதை உங்கள் பிரிவுப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) முதல் நாளே கேளுங்கள். படுவான்கரையில் யானை எந்தப் பக்கம் இறங்கியது என்பது ஊராருக்கு விடியும்போதே தெரிந்துவிடும். போகும் நாள் காலையில் கேட்டுவிட்டுப் போங்கள், வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கம் கைபேசியில் இருக்கட்டும். பாம்பு கடித்தால் கட்டவோ வெட்டவோ கூடாது. கடிபட்ட கை காலை அசையாமல் வைத்து, மோதிரம், காப்பு, கொலுசு கழற்றி, 1990 அம்புலன்ஸை அழைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

எல்லாவற்றையும் விட அடிக்கடி வருவது வெயில் மயக்கம். தென்மேற்கிலிருந்து வரண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஒன்பதரைக்குப் பின் வெளிவேலை வேண்டாம். அரை நாளுக்கு ஆளுக்கு ஒரு லீற்றர் தண்ணீர், தொப்பி, பையில் ஜீவனி (உப்பும் சர்க்கரையும் கலந்த நீரிழப்பு மருந்து) பொட்டலம் நாலு. ஒரு பொட்டலத்தை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைப்பதுதான் அளவு. பிள்ளைக்குப் பாவமென்று அரை லீற்றரில் கரைத்தால் உப்பு கூடிக் கெடுதலாகும். ஐப்பசி, கார்த்திகை மாதப் பின்னேரங்களில் இடி இருக்கும். மின்னலுக்கும் இடிச் சத்தத்துக்கும் இடையில் 30 விநாடி இல்லையென்றால் உடனே கட்டடத்துக்குள் போய், கடைசி இடிக்குப் பின் அரை மணித்தியாலம் உள்ளேயே இருங்கள்.

பாடசாலை வாசலைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் சம்பவத்திரட்டுப் புத்தகத்தில் (பாடசாலையின் நிகழ்வுப் பதிவேட்டில்) பதிவு, பெற்றோரின் எழுத்துச் சம்மதம், உங்களைத் தவிர இன்னொரு ஆசிரியர் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். அந்த இன்னொருவர் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் உள்ள பெற்றோருடன் வந்தால் இன்னும் நல்லது. வாவியில் தோணி ஓட்டும் ஒரு தகப்பனை அழைத்து வந்தால், நீரோட்டத்தையும் மீனையும் பற்றி அவர் சொல்வது எந்த நூலிலும் இருக்காது. தூரப் பயணம் என்றால் அதிபர் ஊடாக வலயக் கல்விப் பணிப்பாளரின் அனுமதியை எழுத்தில் பெறாமல் பஸ்ஸுக்கு முற்பணம் கட்டாதீர்கள்.

தூரப் பயணத்தை இரண்டாம் வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். குமண தேசியப் பூங்கா என்றதும் எல்லோருக்கும் ஆசை வரும். அங்குள்ள குமண வில்லு என்ற நீர்நிலையில் நீர்ப்பறவைகள் கூடு கட்டும் மே, ஜூன் மாதக் காட்சிக்கு ஈடில்லை. ஆனால் மட்டக்களப்பிலிருந்து பொத்துவிலுக்கே 100 கிலோமீற்றருக்கு மேல். பாணமை தாண்டி, பூங்கா வாசல் இருக்கும் உகந்தை வரை பஸ் போகும். அதற்கு உள்ளே ஜீப்தான், ஒன்றில் ஆறேழு பேர். 40 பிள்ளைகளுக்கு ஆறு ஜீப். பஸ் செலவை மட்டும் கணக்குப் போட்டுக் காசு சேர்த்த பாடசாலைகள் உகந்தை வாசலில் நின்று கையைப் பிசைவது இதனால்தான். கல்லோயா தேசியப் பூங்காவில் சேனநாயக்க சமுத்திரத்தில் படகில் போய் யானை நீந்துவதைப் பார்ப்பது அற்புதமான அனுபவம், ஆனால் அது சிறு குழுவுக்கு உரியது. முதல் பயணத்துக்கு 20 பிள்ளைகளுடன் லகுகலைப் பக்கம் போவதே என் தெரிவு. பெருந்தெருவில் பஸ்ஸிலிருந்தே குளமும் காடும் தெரியும், செலவு குறைவு, ஒரே நாளில் வெளிச்சத்தோடு வீடு திரும்பலாம். பூங்காவுக்குள் போவதானால் பாடசாலைக் கடிதத் தலைப்பில் முன்கூட்டியே எழுதிக் கட்டணச் சலுகை கேளுங்கள். இறகு, முட்டை, ஓடு என்று எதையும் பிள்ளைகள் எடுத்துவர விடாதீர்கள். வனவிலங்கு தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937 ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது, பாடசாலை என்று விலக்குக் கிடைக்காது.

இனி தொழில் பாதை. நியமனக் கடிதம், கடமை பொறுப்பேற்ற கடிதம், மருத்துவச் சான்று, விதவைகள் தபுதாரர் அநாதைகள் ஓய்வூதிய இலக்கம் ஆகியவற்றின் பிரதிகளை வீட்டிலும் ஒரு கோவையில் வையுங்கள். வலய அலுவலகத்தில் உங்கள் சுயவிவரக் கோவையில் ஒரு கடிதம் குறைந்தால் நிரந்தரமாக்கல் மாதக்கணக்கில் நின்றுவிடும், அது நின்றால் பின்னால் வரும் ஒவ்வொன்றும் நிற்கும். வருடாந்தச் சம்பள ஏற்றப் படிவத்தைத் திகதிக்கு முன்னரே கொடுங்கள். சேவையில் முன்னேறத் தேவையான வினைத்திறன் தடைதாண்டலையும் இரண்டாம் அரச கரும மொழியான சிங்களத் தேர்ச்சியையும் கடைசி வருடத்துக்கு ஒத்திவைக்காதீர்கள். உங்களைப் போன்றவருக்குச் சிங்களம் இன்னொரு விதத்திலும் தேவை: அம்பாறைப் பக்கத்துப் பூங்காக்களின் உத்தியோகத்தர்களோடு அந்த மொழியில்தான் பேச வேண்டி வரும்.

அடுத்தது பட்டப்பின் கல்வி டிப்ளோமா. தொழிற்தகைமை இல்லாத பட்டதாரி ஆசிரியர் வகுப்பு 2 தரம் II க்கு ஏற இதுதான் வழி. திறந்த பல்கலைக்கழகத்தின் மட்டக்களப்பு நிலையம் உங்களுக்குக் கிட்ட. கற்பித்தல் பயிற்சிப் பாடங்களில் இரண்டையாவது வெளிக்களத்தில் நடத்துங்கள். மதிப்பிட வருபவர் எழுதும் குறிப்பு பின்னர் உங்கள் கோவையில் பெறுமதியாக இருக்கும்.

டிப்ளோமாவுக்குப் பின் பாதை பிரியும். அதிபர் சேவை, கல்வி நிர்வாக சேவை இரண்டும் மதிப்பானவை, ஆனால் இரண்டுமே உங்களை மேசைக்குக் கொண்டுபோகும். பிள்ளைகளும் வெளியும் வேண்டுமென்றால் விஞ்ஞானத்துக்கான ஆசிரிய ஆலோசகர் வேலையைக் குறிவையுங்கள். வலயத்தின் எல்லாப் பாடசாலைகளுக்கும் போய் மற்ற ஆசிரியர்களுக்கு இந்த வேலையைக் காட்டிக்கொடுக்கலாம். இன்னொன்று ஆசிரியர் கல்வியியலாளர் சேவை. தாழங்குடா அல்லது அட்டாளைச்சேனை கல்வியியற் கல்லூரியில், வாவியைப் பாடமாக்கத் தெரிந்த புதிய ஆசிரியர்களை வருடா வருடம் உருவாக்கலாம். என் மனதுக்கு இதுவே உங்களுக்கு மிகப் பொருத்தமாகப் படுகிறது. கல்வி முதுமாணிக்கு ஆய்வு தேவைப்படும்போது நீங்கள் சேர்த்த உப்பு அளவுகளும் பறவைக் கணக்கும் அப்படியே கைகொடுக்கும்.

வனஜீவராசிகள் திணைக்களம் பற்றி: அங்கே வேலை பெரும்பாலும் சட்ட அமுலாக்கம், யானைப் பிரச்சினை, நீதிமன்றம், இரவுக் கடமை. நாட்டின் எந்த மூலைக்கும் இடமாற்றம் வரும். இவை தெரிந்தும் மனம் அங்கேதான் என்றால், வர்த்தமானி அறிவித்தலில் வயதெல்லையைப் பார்த்து, விண்ணப்பத்தை அதிபர், வலயம் ஊடாகவே அனுப்புங்கள். தெரிவானால் முறையான விடுவிப்புக் கடிதம் பெற்றே போங்கள். சொல்லாமல் நின்றால் பதவியை வறிதாக்கியதாகக் கொள்வார்கள், அதுவரை செய்த சேவையும் போய்விடும். வார இறுதி வழிகாட்டி வேலைக்கும் இரண்டு தடை உண்டு: அரச ஊழியர் வெளியே சம்பள வேலை செய்யத் அரச சேவை விதிகளான தாபன விதிக்கோவைப்படி முன் அனுமதி வேண்டும், வழிகாட்டிக்கு சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் உரிமமும் வேண்டும். தகுதிகாண் காலத்தில் இதைத் தொட வேண்டாம்.

அதற்குப் பதிலாக, பாடசாலையில் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் சுற்றாடல் முன்னோடித் திட்டத்தையோ சாரணர் குழுவையோ பொறுப்பெடுங்கள். இரண்டையும் ஒரே வருடத்தில் எடுத்தால் இரண்டும் பாதியில் நிற்கும். உங்களுக்கு முன்னோடித் திட்டம் எளிது, பதக்கப் படிகளுக்குப் பிள்ளைகள் செய்ய வேண்டிய வேலையில் பாதியை மேலே சொன்ன அளவீடுகளே நிரப்பிவிடும். ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். 1976 இல் தொடங்கிய இலங்கை வெளிக்களப் பறவையியல் குழு இங்கே அதை ஒருங்கிணைக்கிறது. அவர்களுக்கு எழுதி, உங்கள் பாடசாலைக்குக் கிட்டிய வாவிப் பகுதியைக் கேளுங்கள். அதற்குப் பழக, வாரம் ஒரு நாள் காலை 6.45 முதல் 7.00 வரை, ஒரே இடத்தில் நின்று, ஐந்தே ஐந்து இனத்தை எண்ணுங்கள்: கூழைக்கடா, நீர்க்காகம், பெரிய வெண்கொக்கு, ஆட்காட்டி, மீன்கொத்தி. பட்டியலைப் பெரிதாக்க அவசரப்பட வேண்டாம். அடையாளம் தெரியாததைத் தெரிந்ததாக எழுதும் பழக்கம் பிள்ளைகளிடம் வந்தால், பிறகு மாற்றுவது கடினம்.

பைனாகுலருக்கு 8×42 (8 மடங்கு பெரிதாக்கும், முன்வில்லையின் விட்டம் 42 மில்லிமீற்றர்) வாங்குங்கள். 10 மடங்கில் கை நடுக்கமும் பத்து மடங்காகும், பறவையைப் பார்வைக்குள் கொண்டுவருவது பிள்ளைகளுக்குக் கடினம். நடைபாதைக் கடையில் விற்கும் சூம் வகைகளை விட்டுவிடுங்கள். கடையில் தூரத்து மின்கம்பத்தைப் பாருங்கள்: இரண்டு கண்ணாலும் ஒரே வட்டம், ஒரே கம்பம் தெரிய வேண்டும், இரட்டையாகத் தெரிந்தால் உள்ளே கண்ணாடி விலகியிருக்கிறது. மூன்று மீற்றரில் இருப்பதும் தெளிவாகத் தெரிந்தால் தும்பி பார்க்கவும் உதவும். கண்ணாடி போடும் பிள்ளைகளுக்காகக் கண்குழிவு (கண் வைக்கும் பக்கத்து விளிம்பு) மடிகிறதா என்று பாருங்கள். ஒரு வகுப்புக்கு ஒரு பைனாகுலர்தான் இருக்கும், ஆகவே கழுத்துப் பட்டியை மாட்டிய பிறகே கையில் கொடுக்க வேண்டும் என்பதை முதல் நாளே பழக்குங்கள். நம் உப்புக்காற்றில் வில்லையில் பூஞ்சணம் பிடிக்கும். மூடி இறுகும் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். அரிசி போட்டால் அதன் தூள் வில்லையில் படியும்.